வரப்பில் இறங்கியவர்கள்

மலையில் நடக்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு கிளம்புவது. ஒரு மாதமாவது போட்டு நடந்து தோலைப் பழக்க வேண்டும். நானும் என் மனைவி ஞானாம்பாளும் வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் களத்துமேட்டில்தான் பழக்குவோம். ஊர்க்காரர்கள் நின்று சிரிப்பார்கள். அவர்கள் வாழ்நாளில் பார்த்த பெரிய உயரம் வைக்கோல் போர்தான்.

பதினோரு வருஷமாக, சம்பா அறுவடை முடிந்ததும் நேபாளம் போய்விடுவோம். இரண்டு மாதம், சில வருஷம் மூன்று மாதம். ஒருமுறை சுவிட்சர்லாந்தும் போனோம். அங்கே மலைக்குக் கைப்பிடி போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் மலையா? மறுபடியும் நேபாளத்துக்கே திரும்பிவிட்டோம்.

ஏன் மலை என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். அங்கே சேறு இல்லை.

நீங்கள் டவுனில் வளர்ந்தவர். வயல் வரப்பில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால், ஒருவர் சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். யார் இறங்குவது என்று எங்கள் ஊரில் யாரும் யோசித்ததில்லை. எங்கள் பண்ணையாள் வீரையன் என்னை இருபதடி தூரத்தில் பார்த்ததுமே இறங்கிவிடுவான். துண்டு கக்கத்துக்குப் போய்விடும். அவனுடைய அப்பனும் அப்படித்தான்.

ஆட்சி மாறியது. உழுகிறவன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது. கொடி பிடித்தவர்கள் சொல்லிக்கொடுத்து, என் நிலத்தில் ஐந்து மா அளவுக்கு வீரையன் குத்தகைதாரன் என்று தாசில்தாரே எழுதிக் கொடுத்தார். அதுகூடப் பரவாயில்லை. நிலம் போவதும் வருவதும்தான்.

அடுத்த வாரம் வரப்பில் எதிரே வந்தான். தலையில் நாற்றுக்கட்டு.

“தலையில சுமை இருக்குங்க. நீங்க கொஞ்சம் ஒதுங்கிக்குங்க” என்றான்.

மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் பொறுக்கவில்லை. நான் இறங்கினேன். முழங்கால் வரை சேறு. நடவு நட்டுக்கொண்டிருந்த ராமாயி, “அடியே, இன்னிக்கு நடவுக்குக் கூடுதலா ஒரு ஆளு வந்திருக்குடி” என்றாள். வயல் முழுக்கச் சிரித்தது. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. அதற்குப் பிறகு வரப்பில் கால் வைக்கவில்லை. நிலத்தை எல்லாம் குத்தகைக்கு விட்டுவிட்டேன்.

போன சித்திரையில், நேபாளத்தில் பனி தொடங்கும் உயரத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். ஞானாம்பாளுக்குத் தலைவலி. சோறு இறங்கவில்லை. எனக்கும் அவளுக்கும் நடந்த சின்னச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவன் அடுத்த பெஞ்சிலிருந்து எழுந்து வந்தான்.

“பேச்சைக் கேட்டா நம்ம வலங்கைமான் பக்கம் மாதிரி இருக்கே?”

நல்ல உடை, நல்ல பூட்ஸ். பழக்கின பூட்ஸ். நான் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

“நீங்க துரைக்கண்ணு சார்தானே? நான் மருதையன். வீரையன் மகன். லண்டன்ல டாக்டரா இருக்கேன்.”

சார் என்றான். அவன் அப்பன் வாயில் அந்த வார்த்தை நுழைந்ததே இல்லை.

ஞானாம்பாளின் நாடியைப் பிடித்துப் பார்த்தான். மாத்திரை கொடுத்தான். “உயரம் ஒத்துக்கலை. இவங்க இனிமே ஏறக் கூடாது சார். காலையில கீழே எறங்கிடுங்க” என்று எனக்கு உத்தரவு போட்டான். சமையல்கட்டுக்குள் போய்ப் பூண்டு ரசம் வைத்துக்கொண்டு வந்தான். இவள் “தம்பி, ஊர் ரசம் மாதிரியே இருக்குப்பா” என்று இரண்டு டம்ளர் குடித்தாள். அவன் கையால் வாங்கி.

காலையில் எழுந்தபோது அவன் இல்லை. இவளைச் சுமந்து இறங்க ஒரு கோவேறு கழுதை பேசி வருவதாக விடுதிக்காரனிடம் சொல்லிவிட்டு, விடிந்ததும் கீழே போயிருக்கிறான். காத்திருக்கச் சொன்னானாம். நான் ஏன் காத்திருக்க வேண்டும்? இவளை நடத்திக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு மணி நேரத்தில் எதிரே வந்தான். பாதை நம் வரப்பைவிடக் கொஞ்சம்தான் அகலம். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றும் இல்லை. ரொம்பக் கீழே ஆறு, நம் வெண்ணாற்றில் பாதிகூட இல்லை.

“கழுதை வளைவுல நிக்குது சார். நீங்க பாறைப் பக்கமா கொஞ்சம் ஒதுங்கிக்குங்க. அம்மாவுக்கு நான் கை கொடுக்கறேன்.”

அதே குரல். அப்பன் குரலில் ஓர் எழுத்து மாறவில்லை.

“நீ எறங்கு” என்றேன்.

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தான். பள்ளத்தைப் பார்த்தான். சிரித்தான். “எங்க சார் எறங்கறது?”

இடத்தைக் காட்டினேன்.

அங்கிருந்த போலீசில், கால் தவறியது என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது அதை மாற்றிக்கொள்கிறேன். என் கைத்தடிக்கு இரும்புப் பூண் உண்டு. அதை அவன் நெஞ்சில் வைத்தேன். வைத்துவிட்டுத் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அவன் தடியைப் பிடிக்கப் பார்த்தான். பிடிக்க விடவில்லை. கோபம் இல்லை, இன்ஸ்பெக்டர். இருபது வருஷம் முன்பு நடந்திருக்க வேண்டிய ஒன்று, கொஞ்சம் தாமதமாக, வேறு வரப்பில் நடந்தது. அவ்வளவுதான்.

ஞானாம்பாள் பாறையோரம் உட்கார்ந்துவிட்டாள். வளைவில் அவன் பேசி வைத்திருந்த கழுதை நின்றது. அதில்தான் அவளை ஏற்றி இறக்கினேன். நல்ல கழுதை. அடி பிசகவில்லை.

மூன்று மாதம் வாயைத் திறக்காதவள், போன வாரம் தனியாக பஸ் ஏறி உங்களிடம் வந்து எல்லாம் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு வரியில்தான் எனக்கு வருத்தம்.

அன்று சாயங்காலம் அவள் எங்கே போனாள் என்று தேடிக்கொண்டு, இத்தனை வருஷத்துக்குப் பிறகு வயல் பக்கம் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, குறுக்கே வரப்பில் வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். இருபதடி தூரத்திலேயே, பட்டுச் சேலையோடு, சேற்றில் இறங்கிவிட்டாள்.

“எதுக்கு எறங்கினே?” என்றேன். நான் கடந்து போகும்வரை தலை தூக்கவில்லை.

மறுநாள் நீங்கள் விசாரிக்க வந்தபோது அவளிடம் அதையும் கேட்டு, பயத்தில் இறங்கினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். மற்றதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன். வரப்பில் ஒருவரை எப்படி மதிக்க வேண்டும் என்று ஊரே மறந்துவிட்டது. என் மனைவியாவது கடைசியில் கற்றுக்கொண்டாளே.