துணி கட்டிய கட்டில்

ஜிபார்: ...அசையாதீங்கம்மா! கட்டுப் போட்டு முடிக்கல இன்னும்.

கென்ஜெகான்: மணிக்கட்டுதானே. இடுப்புல வெச்ச ப்ளேட்டு பத்திரமா இருக்குன்னு எக்ஸ்ரே பாத்துட்டாங்க. நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?

ஜிபார்: இந்த வார்டுக்குத் தலைமை நர்ஸ் நான். நீங்க விழுந்தா என் மூஞ்சி எங்க போகும்?

கென்ஜெகான்: தலைநகரம் பிஷ்கெக் போகும். பயிற்சிக்கு உன்னத்தான் அனுப்பறாங்களாமே... சமையக்காரி சொன்னா.

ஜிபார்: பேச்ச மாத்தாதீங்க. அடிபட்ட இடுப்போட எதுக்கு எழுந்தீங்க?

கென்ஜெகான்: எதுக்கு எழுவாங்க? பெரியவங்க உள்ள வந்தா எழுந்து குனிஞ்சு சலாம் சொல்றதில்லையா? நம்ம ஊர்ல குதிரைகூட நின்னுக்கிட்டுதான் தூங்குது.

ஜிபார்: அதுக்குத்தானேம்மா கட்டில் கம்பியில வெள்ளத் துணி கட்டறேன்! துணி இருந்தா இவங்க எழுந்திரிக்கக் கூடாதவங்க, சலாம் சொன்னதா எடுத்துக்குங்கன்னு வாசல்லயே நின்னு ஒவ்வொரு தாடிக்காரர்கிட்டயும் கெஞ்சறேன்.

கென்ஜெகான்: நல்ல ஏற்பாடுதான். நான் இல்லங்கலையே.

ஜிபார்: போன குளிர்காலத்துல ஒரு மருமகப் பொண்ணு... வயித்துல தையல் போட்டுக் கெடந்தா. மாமனார் வந்துட்டார்னு எழுந்து குனிஞ்சா. தையல் விட்டுப்போச்சு. மறுபடி ஆபரேஷனுக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். அந்த மனுசன் தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, நான் ஏன் உள்ள போனேன், நான் ஏன் உள்ள போனேன்னு...

கென்ஜெகான்: பாவம்.

ஜிபார்: அதுக்கப்புறம்தான் துணி. பக்கத்து வார்டு நர்ஸுங்களுக்கும் சொல்லிக் குடுத்தேன், அங்கயும் கட்டறாங்க. கட்டினதுலேர்ந்து ஒருத்தரும் விழல. இன்னிக்கி நீங்க.

கென்ஜெகான்: திருஷ்டி கழிஞ்சுதுன்னு வெச்சுக்கோ.

ஜிபார்: தலைமை டாக்டர் அப்படி வெச்சுக்க மாட்டார். சாயங்காலம் கூட்டம். ‘துணியால என்ன பிரயோசனம், அவுத்துப் போடு’ன்னு சொல்லிட்டா எல்லாம் பழையபடி ஆயிடும். எழுந்து எழுந்து விழுவாங்க. அதனால சொல்லுங்க. யாருக்கு எழுந்தீங்க?

கென்ஜெகான்: ...என் மகன் வந்தான்.

ஜிபார்: மகனுக்கா? அவர்தானே உங்களுக்கு எழணும்?

கென்ஜெகான்: அவன்கூட அவன் மாமனாரும் வந்தாரு. வெள்ளத்தாடி. சம்பந்தி வந்து நிக்கறப்ப நான் படுத்துக்கிட்டு...

ஜிபார்: அம்மா. வாசல்ல நின்னது நான்.

கென்ஜெகான்: கண்ணசந்திருப்பே.

ஜிபார்: நின்னுக்கிட்டேவா?

கென்ஜெகான்: அதான் சொன்னேனே, நம்ம ஊர்க் குதிரை...

ஜிபார்: சிரிக்க வெக்காதீங்க! வந்தவங்க எல்லாரும் பக்கத்துக் கட்டில் பொண்ணுக்கு வந்தவங்க.

கென்ஜெகான்: ஆமா ஆமா. மூட்டையா போர்சோக் ரொட்டி பொரிச்சு எடுத்துட்டு வந்தாங்க. வெண்ணெய் வாசம்... அந்தப் பொண்ணுக்கு வாய் வலிச்சிருக்கும், அத்தன பேருக்குப் பதில் சொல்லி.

ஜிபார்: உங்களுக்குத் தரலையா?

கென்ஜெகான்: தராம என்ன. ஒரு வார்த்த பேசாம மேசையில வெச்சுட்டுப் போனாங்க. நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்.

ஜிபார்: அப்போ உங்களப் பாக்க யாரும்...

கென்ஜெகான்: மகன் வந்தான்னு சொல்லிடேன் அந்தக் கூட்டத்துல. உனக்கு என்ன கொறஞ்சுடப் போகுது?

ஜிபார்: துணி போயிடும்மா. துணி கட்டியும் சம்பந்திக்கு எழுந்துட்டாங்கன்னா, துணி பலிக்கலன்னுதானே அர்த்தம்?

கென்ஜெகான்: அதுக்காக... அத்தன டாக்டர் முன்னாடியும் கென்ஜெகானைத் தேடி ஒரு காக்காகூட வரலன்னு சொல்வியா? சொல்லாத மகளே.

ஜிபார்: தலகாணிக்கு அடியில துணி இருந்துச்சு. உங்களத் தூக்கறப்ப பாத்தேன்.

கென்ஜெகான்: அவுந்து விழுந்திருக்கும்.

ஜிபார்: அவுந்த துணி தானா நாலா மடிஞ்சுக்குமா?

கென்ஜெகான்: ...நல்ல துணி. சுருட்டிப் போட மனசு வரல.

ஜிபார்: நீங்களா அவுத்தீங்க? ஏம்மா?

கென்ஜெகான்: போன வருசம் மார்ச்சளியில இதே வார்டுலதான் கெடந்தேன். அப்ப உன் துணி கெடயாது. யாரு வீட்டுப் பெரியவர் வந்தாலும் நான் எழப் பாப்பேன். ‘இரும்மா, இரும்மா’ன்னு ஓடி வருவாங்க. தோளப் புடிச்சு உக்கார வெப்பாங்க. நீ யாரு வீட்டுப் பொண்ணு, எந்தப் பள்ளத்தாக்கு, உங்கப்பன் எந்த வம்சம்... கேட்டுட்டு, கையேந்தி ஒரு ஆசீர்வாதம். வேற யாருக்கோ வந்தவங்கதான். போறப்ப எனக்கும் ஒண்ணு சொல்லிட்டுப் போவாங்க.

ஜிபார்: இப்ப?

கென்ஜெகான்: இப்ப துணியப் பாக்கறாங்க. தலைய ஆட்டிட்டுத் தாண்டிப் போறாங்க. சலாம்தான் வாங்கியாச்சே, அப்புறம் எதுக்கு நிக்கணும்? அதான் துணிய அவுத்துட்டு எழுந்தேன்.

ஜிபார்: ...எனக்கு இது தோணவே இல்லையேம்மா.

கென்ஜெகான்: உனக்கு எப்படித் தோணும்? நீ விழறவங்களப் பாத்துக்கிட்டிருந்தே. நான் விழாம கெடந்தேன்.

ஜிபார்: இருங்க... வாசல்ல நான் சொல்றதுதான் தப்பு. சலாம் ஆயிடுச்சுன்னு சொல்லக் கூடாது. அவங்களால எழ முடியாது, உங்க சலாம் கட்டில்லயே இருக்கு, நீங்கதான் பக்கத்துல போய்க் கையப் புடிச்சு வாங்கிக்கணும்னு சொன்னா?

கென்ஜெகான்: வாங்காம எந்தக் கெழவன் போவான்? தனக்கு வரவேண்டிய மரியாதைய விட்டுட்டுப் போற பெரியவன் நம்ம மலையில இன்னும் பொறக்கல.

ஜிபார்: நர்ஸுங்களுக்கும் சொல்லிடறேன். வர்றவங்கள கட்டில் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போயி விடணும்னு. இதச் சொன்னா டாக்டர் துணிய எடுக்க மாட்டார். ஆனா...

கென்ஜெகான்: ஆனா?

ஜிபார்: ஏன் எழுந்தீங்கன்னு சொல்லாம இதச் சொல்ல முடியாது. யாரும் வரலங்கறதையும் சொல்லணும். நீங்க வேணாம்னா சொல்லல. துணி போனா போகட்டும்.

கென்ஜெகான்: ...காலையில என் மகன் போன் பண்ணான்னியே. என்ன கேட்டான்?

ஜிபார்: சாப்பிட்டீங்களான்னு கேட்டார். வலி எப்படி இருக்குன்னு... பனி உருகினதும் மாஸ்கோலேர்ந்து வரேன்னார்.

கென்ஜெகான்: நேத்து கசான்லேர்ந்துன்னு சொன்னே.

ஜிபார்: வேலை மாறியிருப்பாரோ என்னமோ...

கென்ஜெகான்: ஜிபார்.

ஜிபார்: ...நீங்க குடுத்த நம்பர் எங்கயுமே போகலம்மா. மகன் கூப்பிட்டானான்னு முதல் நாள் கேட்டீங்க பாருங்க, அந்த முகத்தப் பாத்துட்டு, கூப்பிட்டார்னு சொல்லிட்டேன். அப்புறம் நிறுத்த முடியல. மன்னிச்சுடுங்க.

கென்ஜெகான்: எங்க போகும்? வாய்க்கு வந்த நம்பர். இங்க சேக்கறப்ப உனக்கு யார் இருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு, மிர்லான்னு ஒரு பேரச் சொன்னேன். எனக்குப் புள்ளையே பொறக்கல மகளே. பேரு மட்டும்தான் நான் வெச்சது... அவனப் பேச வெச்சதெல்லாம் நீ. போ, கூட்டத்துக்கு நேரமாச்சு. உள்ளத உள்ளபடி சொல்லு, யாரும் வரல, வர யாரும் இல்லன்னு சொல்லு. நாளைக்குக் காலையில அவன் போன் பண்ணினா மட்டும்... வந்து சொல்லிட்டுப் போ.