கடைசி இரண்டடி

— தாடி ஒட்டுறதை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல என்னைப் பாருடா. அந்தக் கடைசி ரெண்டடி இன்னிக்கு உன் வாயிலேர்ந்து வரக்கூடாது.

— ஆட்டாதேக்கா, பசை கண்ணுல ஒழுகுது. துறவி வேஷம் கட்டிட்டு, துறவி சாகறப்போ சொல்ற பாட்டை முழுங்கவா?

— என் புருஷன் முழுங்கலையே! போன வாரம் இதே வேஷத்துல, இதே மேடையில முழங்கினாரு. தன்னைத்தான் குத்துறாருன்னு, நாட்டைப் பிடிச்சு ஆள்ற கர்னலுக்கு எரிச்சல். திரை விழுந்ததும் இழுத்துட்டுப் போனாங்க. மறுநாள் என் கையில செருப்பை மட்டும் குடுத்தாங்க.

— அதனாலதான் சொல்லணும். இல்லேன்னா மாமா செத்தது வீண்.

— நீ சொன்னா மட்டும் எழுந்து வந்து சோறு கேக்கப் போறாரா?

— நாடகத்துல ராஜா என்னக்கா சொல்றான்? மண்டியிடு, பாதி நாடு தர்றேங்கிறான். துறவி மயங்கினானா?

— துறவிக்குப் பொண்டாட்டி இல்லடா! உன்னுது நிறைமாசமா வீட்டுல படுத்திருக்கு. நெஞ்சைத் தொட்டுச் சொல்லு, கடவுளுக்காகவா சாகத் துடிக்கிற? நாளைக்கு ஒரு தெருவுக்கு உன் பேரை வைப்பாங்கன்னு உள்ளுக்குள்ள ஒரு நப்பாசை இல்லை?

— கண்ணாடியை இப்படித் திருப்புக்கா, தாடி கோணலா இருக்கு.

— பேச்சை மாத்தாதே. இருக்கா, இல்லையா?

— இருக்கு. கொஞ்சம் இருக்கு. இத்தனை வருஷமா ஈட்டி பிடிச்சு வாசல்ல நிக்கிற சேவகன் வேஷம்தானேக்கா எனக்கு.

— பொறக்கற பிள்ளை தெருப் பலகையைப் பாத்தா அப்பான்னு கூப்பிடும்?

— போதும்க்கா. சொல்லல. வாள் ஓங்கினதும் பேசாம தலையைக் குனிஞ்சுடறேன். சனங்க காறித் துப்பட்டும்.

— சத்தியமா?

— உன் மேல சத்தியம். நீயும் பழக்க தோஷத்துல பக்கத் திரையிலேர்ந்து அடியெடுத்துக் குடுத்துடாதே. ஆனா... அந்தப் பாட்டு?

— அதைப் பத்தி உனக்கென்ன? மணி அடிச்சாச்சு, போ.

— ஏம்மா, என்னம்மா இது! கடைசிக் காட்சி, வாள் கழுத்துக்கு வந்தாச்சு, உன் தம்பி மரம் மாதிரி நிக்கிறான். திரைக்கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நான் எவ்வளவு நேரம் நிக்கிறது? அடியெடுத்துக் குடும்மா!

— மறக்கல அண்ணே. சொல்ல மாட்டான்.

— அப்பாடா, பிழைச்சான் பய! அங்க பாரு, முன்வரிசையில கர்னல் கால் மேல கால் போட்டுச் சிரிக்கிறான். திரையை இழுத்துடவா?

— இழுக்காதீங்க.

— சபையில ஒரு இருமல்கூட இல்லம்மா. அத்தனை பேருக்கும் பாட்டு மனப்பாடம். ஒருத்தன் வாயைத் திறக்கணுமே!

— அண்ணே, அவனைப் பின்வாசல் வழியா வீட்டுக்கு அனுப்பிடுங்க. வெளியில வண்டி நிக்குது. போக மாட்டேன்னு அடம்பிடிச்சா நாலு அறை வைங்க.

— நீ எங்கம்மா போறே? ஐயோ, அந்தப் பக்கம் மேடை! வேஷம்கூடக் கட்டல... அம்மா, வெளிச்சத்துக்குப் போகாதே!

— “வாளெடுத்து வந்தவனே, வணங்கிலேன் யான்;
நாளெல்லாம் ஆண்டாலும் நாயகன் நீ அல்லை!”