பிரித்துவிட்ட தையல்

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேருந்தில்தான் பழக்கம் போலிருக்கிறது. இளையவளுக்கு முப்பது வயதிருக்கும். மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை.

“ரவிக்கைய ஒன்றரை இஞ்சு பிரிச்சு உட்டுட்டேனுங்க. எங்க பெரியப்பன் மவளுக்குப் பத்தும்” என்றாள்.

“யாரு ரவிக்கை அம்மிணி அது?” என்று மூத்தவள் கேட்டாள்.

“என்ரதுதானுங்க. நாளைக்கித் தம்பிக்குக் கல்யாணம். இணைச்சீருக்குக் கட்டிக்க அக்கான்னு போன வருசமே சீலையெடுத்து, ரவிக்கை தெச்சும் குடுத்தான். உடம்பொறந்தவ நான் ஒருத்திதானுங்க. அந்தச் சீருல மாப்பிள்ளையா இருக்கற அவன் பக்கத்துல நாந்தான் உக்காரோணும்.”

“அப்புறம் எதுக்கு அவளுக்கு?”

“எங்க ஊட்டுக்காரரு தவறிப் போயி எட்டு மாசமாச்சுங்க. நான் சீரு பண்ணக் கூடாதுன்னு அம்மா சொல்லிருச்சு.”

“பெத்தவளே சொன்னாளாக்கும்!”

அவள் பையின் வாயைச் சுருட்டி மடித்தாள்.

“தம்பி? அவன் வாயத் தொறக்கலியா?”

“நேத்து போன் பண்ணி அழுதானுங்க. அழுது முடிச்சுட்டு, ரவிக்கைய மறக்காமக் கொண்டாந்துரு அக்கான்னான்.”