வழிமொழிய ஆளில்லை

அந்தக் கதிரை வேண்டாம் தம்பி, இதிலை இருங்கோ, தெருவைப் பாத்தபடி. நான் இப்பிடி முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறன், எனக்கு இதுதான் வசதி. றோல்ஸ் சூடாக் கிடக்கு, எடுங்கோ. என்ன, கண்ணாடியிலை ஒட்டிக் கிடக்கிற நோட்டீஸோ? துலூஸிலை இருந்து வாற உங்களுக்கே கண்ணிலை பட்டிட்டுது பாருங்கோ. ஓம், எங்கடை கல்லூரிப் பழைய மாணவர் சங்கம்தான். உதைபந்தாட்ட அணிக்குப் புதுப் பயிற்சியாளர் கிறிஸ்தோப்பர், சால்வை போட்டு வரவேற்பு. ஆளைத் தெரிவுசெய்யிற கூட்டம் நடந்தது சனிக்கிழமை. நோட்டீஸ் அடிச்சது வெள்ளிக்கிழமை! உதைப் பாக்கப் பாக்க எனக்குப் பத்திக்கொண்டு வருது.

இல்லையில்லை, ஆள் நல்ல மனுசன். ஆருக்கும் கெடுதல் நினையாதவர். ஆனா பந்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? கல்லூரியிலை படிக்கேக்கை கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதினவர். விளையாடினவர் இல்லைத் தம்பி, எழுதினவர்! ஞாயிற்றுக்கிழமை முதல் பயிற்சி எண்டு போனால், பெடியளை வட்டமா நிக்கவைச்சுக் கல்லூரிக் கீதம் பழக்கிறார். ஒரு மணித்தியாலம். பந்து தன்ரை பாட்டுக்கு அங்காலை கிடக்கு. அதுகள் தங்களுக்குள்ளை பிரெஞ்சிலை கதைச்சுச் சிரிக்குதுகள்.

நீங்கள் சிரிக்காதேங்கோ. எனக்கு விசராக் கிடக்கு.

தெருவுக்கு அங்காலை அந்த மரக்கறிக் கடை வாசலிலை ஒருத்தர் பெட்டி இறக்கிக்கொண்டு நிண்டவர், பச்சை ஏப்ரன். இப்பவும் நிக்கிறாரோ? அவர்தான் பேதுரு அண்ணை. பதினொரு வருசம் இந்தப் பெடியளுக்குப் பந்து பழக்கினது அந்த மனுசன். ஞாயிற்றுப் பூசையைச் சனி பின்னேரமே கண்டுபோட்டு, விடிய லெ பிளாங்-மெனில் மைதானத்திலை முதல் ஆளா நிப்பார். மழையோ பனியோ, வலை கட்டுறது அவர். கால் பிரண்டவனுக்கு உருவிவிடுறது அவர். வெறுங்கையோடை திரிஞ்ச அணிக்கு ரெண்டுமுறை கிண்ணம் எடுத்துத் தந்தவர். ஒருநாள் ஒரு நன்றியை எதிர்பாத்தவரோ? இல்லை.

பேந்தேன் அவரை நிப்பாட்டினவை எண்டோ? அதைத்தானே நானும் கேக்கிறன்! அவர் மன்னார் ஆள். எங்கடை கல்லூரியிலை படிக்கேல்லை. அவ்வளவுதான் குற்றம். பயிற்சியாளர் எண்டால் பழைய மாணவராத்தான் இருக்கோணுமாம், எங்கடை தலைவர் இரத்தினம் சொல்லுறார். அப்ப விளையாடுற பதினொரு பேரிலை ஒருத்தனாவது அந்தக் கல்லூரிக் கேற்றைக் கண்டவனோ? எல்லாம் இஞ்சை சென் தெனியிலை பிறந்ததுகள். முதுகிலை போட்டிருக்கிற கல்லூரிப் பேரை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது, போட்டுக்கொண்டு ஓடுதுகள். ஆனா பயிற்சியாளர் மட்டும் அங்கை படிச்சிருக்கோணும். என்ன கதை இது?

இல்லை, வழி இருந்தது. சங்க விதியள் எழுதின யாப்பிலை கிடக்கு. உறுப்பினர் ஒராள் முன்மொழிஞ்சு இன்னொராள் வழிமொழிஞ்சால் வெளியாளின்ரை பேரையும் வாக்குக்கு விடலாம். வாக்குக்கு விட்டிருந்தால் அண்ணைதான் தம்பி, சந்தேகமே இல்லை. வந்திருந்த நாப்பது பேரிலை முக்கால்வாசி அவரிட்டைப் பிள்ளையை விட்ட தாய் தேப்பன். எல்லாரும் பாக்கக் கை தூக்கப் பயம், தலைவரோடை ஏன் பகைப்பான் எண்டு. ரகசிய வாக்கெண்டால் போட்டிருப்பினம்.

டிலானி எண்டு ஒரு பிள்ளை, அவ துணிஞ்சு எழும்பி முன்மொழிஞ்சா. சரி, வழிமொழிய ஆர் எண்டு இரத்தினம் கேட்டார். ஒருத்தரும் இல்லை. திருப்பிக் கேட்டார். மூண்டாந்தரமும் கேட்டுப்போட்டு, வழிமொழிய ஆளில்லை எண்டு எழுதுங்கோ எண்டார் செயலாளருக்கு. ஒரு கை தம்பி. ஒரேயொரு கை எழும்பியிருந்தால் காணும்.

நானோ? ஓம், நானும் இருந்தனான். டிலானிக்குப் பக்கத்துக் கதிரை.

இல்லை, அது... முதல்நாள் அவவிட்டை நான்தான் சொன்னனான், நீர் முன்மொழியும், நான் வழிமொழியிறன் எண்டு. சனி காலமை இரத்தினம் ஃபோன் எடுத்தார். சும்மா சுகம் விசாரிச்சுப்போட்டு, கிறிஸ்தோப்பர் வந்தால் உம்மடை மகன் சாருஜன்தான் கப்டன் எண்டார். அண்ணை அவனை ரெண்டு வருசமா விளையாட விடாமல் வாங்கிலை இருத்தி வைச்சிருக்கிறார், இடக்கால் பழகாமல் இறக்கமாட்டன் எண்டு. அவர் சொன்னது சரிதான், அவனுக்கு இடக்கால் வராது. எண்டாலும் பெத்த மனம். கையை மடியிலை வைச்சபடி இருந்திட்டன். ஞாயிறு கிறிஸ்தோப்பர் கப்டன் பட்டியைக் கையிலை குடுக்க, மகன் பேதுரு மாமா எங்கையெண்டு பிரெஞ்சிலை கேட்டான். என்னைத்தான் பாத்துக் கேட்டான்.

உறுப்பினர் இல்லாதபடியா அண்ணை கூட்டத்துக்கு வரேல்லை. நேற்று இஞ்சை தேத்தண்ணிக்கு வந்தவர். கூட்டக் குறிப்பை ஆரோ வட்சப்பிலை அனுப்பிப் பாத்திருக்கிறார். துளிக் கோபம் இல்லை. உமக்கு அண்டைக்கு வேலையாக்கும், நீர் வந்திருந்தால் கட்டாயம் கையைத் தூக்கியிருப்பீர் எண்டார். மண்டபத்திலை மூண்டுதரம் கேட்டும் வராத ஓம், அப்ப டக்கெண்டு வாயிலை வந்திட்டுது. ஓம் அண்ணை, வேலை எண்டிட்டன்.

நான் உள்ளை வரேக்கை டிலானி அந்த மரக்கறிக் கடைக்குள்ளை போனவ, சிவப்பு ஜக்கெற். முருங்கைக்காய் வாங்க இவ்வளவு நேரமோ? வெளியிலை வந்திட்டாவோ? அவரோடை கதைக்கிறாவோ?

அண்ணை இஞ்சாலை பாக்கிறாரோ தம்பி?

ஓமோ.