கொரியா ஐயாவின் தாய்க்கு ஒரு திதி

ஹென்டர்சன் போகிற ரயிலில் எனக்கு முன் சீட்டில் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள். இளையவள் முதியோர் இல்லத்து யூனிஃபோர்மில் இருந்தாள். அவள் சொன்ன ஒன்றைக் கேட்டுத்தான் நான் ஃபோனைக் கீழே வைத்தேன்.

"அமெரிக்காவும் ரஷ்யாவும் தேசப்படத்தில ஒரு கோடு கீறினதால, எங்கட இல்லத்தில இருக்கிற கொரியா ஐயா இண்டைக்குச் சாப்பிடேல்லை அக்கா."

"என்ன கதை இது?"

"சின்ன வயசில தகப்பனோட கோட்டுக்குத் தெற்க வந்திட்டாராம். தாய் கைக்குழந்தையோட பிறகு வாறனெண்டு வடக்கில நிண்டவவாம். சண்டை வந்து, எல்லையைப் பூட்டிப்போட்டினம். இண்டைவரைக்கும் ஒரு கடிதம் இல்லை."

"தாய் இப்ப இருக்கமாட்டாவே."

"இருந்தா நூற்றிப் பத்து வயசு. கொரியாக்காரரும் எங்களைப் போலத் திவசத்துக்குப் படைக்கிறவை. ஐயா தகப்பனுக்குப் படைக்கிறார், தாய்க்கு இல்லை. செத்த நாள் தெரியாதாக்கும் எண்டு நினைச்சு, நாங்கள் செத்த தாய்க்குச் சித்திரா பௌர்ணமிக்கு விரதம் பிடிக்கிறம், நீங்களும் அண்டைக்குச் செய்யுங்கோவன் எண்டு நல்லதுக்குத்தான் சொன்னன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிப்போட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிட்டார்."

ரயில் கிளென் ஈடனில் நின்று புறப்பட்டது.

"நீர் சொன்னதில என்ன பிழை?" என்றாள் மூத்தவள். "அது சரி, எங்கட சண்டைக்குள்ள காணாமல்போன உம்மட அப்பாவுக்கு ஆடி அமாவாசை விரதம் பிடிக்கிறனீரோ?"

இளையவள் யன்னல் பக்கம் திரும்பினாள்.

"அப்பா செத்துப்போனாரெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"