இரண்டு படையும் கிடக்கும் காடு

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் கத்தினார்.

"எப்பவோ செத்துப்போன ராஜா படைக்காக என் வேலை போயிருச்சுங்க!"

போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை செய்ய எத்தியோப்பியாவுக்குப் போய்த் திரும்பியவர் என்று பேச்சில் தெரிந்தது.

"நம்ம வழக்கப்படி பூசணிக்காயில குங்குமத்தக் கொட்டி ஒடச்சுட்டுத்தானுங்க வேலய ஆரம்பிப்போம். ஒடச்சதும் ஊரே தொரத்திட்டு வந்துருச்சு."

"ஏனுங்க?"

"அந்தக் காலத்துல அங்கத்த கிறிஸ்தவ ராஜாவும், ஒண்ணாச் சேந்து வந்த முஸ்லிம் சுல்தான்களும் சண்ட போட்ட காடாமா. செத்தவங்க எல்லாரும் அங்கயே கெடக்கறாங்க. அவங்க மேல நாங்க ரத்தம் தெளிச்சுட்டோம்னு நெனச்சுட்டாங்க. மொதலாளிக்கு இது மொதல்லயே தெரியும். எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. இப்பப் பழி எம்மேல!"

"தொரத்துனது எந்தப் பக்கத்து ஆளுங்க?"

"ரெண்டு பக்கமுந்தான். செத்தவங்கள்ல யாரு எந்தப் படைன்னு பிரிக்கவே முடியாதாமா. வருசா வருசம் ரெண்டு பேரும் சேந்து வந்துதான் கும்புடறாங்க."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "அதெப்படிங்க, சண்ட போட்டவனோட சேந்து?"

"சிரிக்காதீங்க. நம்மூர்ல சண்டையே போடாதவனுக்குத் தனிச் சுடுகாடு வெச்சிருக்கறமுங்க!"