மூன்றாவது தட்டு

உங்கள் ஏட்டு வாங்கிக்கொடுத்த காப்பி நன்றாக இருந்தது, ஐயா. காரைக்குடியில் இப்போதெல்லாம் சிக்கரி தூக்கலாக இல்லாத காப்பி கிடைப்பதே அபூர்வம். எந்தக் கடை என்று அவரிடம் கேட்க வேண்டும்.

'சிறைப் பாட்டு' எப்படிப் பிறந்தது என்று கேட்டீர்கள். பத்து வருஷமாக எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்விதான். நாடகத்தில் சிறையில் கிடக்கிற ராணி பாடுகிற பாட்டு அது. வார்த்தையும் மெட்டும் என்னுடையவை, ஆர்மோனியமும் நானே. இசைத்தட்டாக வந்த பிறகு தேவகோட்டைக் காப்பிக் கடையிலிருந்து கல்யாண வீட்டு ஒலிபெருக்கி வரை அது போகாத இடம் இல்லை.

ஜனங்களுக்கு அதில் பிடித்தது தாளம். மூன்று தட்டு, ஒரு சின்ன நிறுத்தம், பிறகு இரண்டு தட்டு. அந்த மூன்றில் கடைசித் தட்டு மட்டும் மயிரிழை பிந்தி விழும். சங்கீதம் படித்தவர்கள் கணக்குச் சொல்வார்கள்; ஆனால் அந்தப் பிந்தலை அவர்களால் எழுதிக்காட்ட முடியாது. நான் ஆர்மோனியப் பெட்டியில் கை வைத்தால் போதும், கூட்டம் தானாகவே அந்தத் தாளத்தில் கைதட்டத் தொடங்கிவிடும். வேறு பாட்டு வாசிக்கலாம் என்று பார்த்தால் விடமாட்டார்கள். ஒரே இரவில் திரும்பத் திரும்ப வாசிக்க வைப்பார்கள். பத்து வருஷமாக அந்தப் பாட்டுக்குள்ளேயே குடியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைக்கதவு சாத்தியிருந்தால் எனக்குத் தூக்கம் வராது என்று என் மச்சினன் சொல்லியிருப்பான். அது உண்மைதான். வெக்கை தாங்காத உடம்பு எனக்கு.

மதுரைப் பொருட்காட்சியில் ஒருவர் கேட்டபோது, ஒக்கூரில் பெண்கள் உலக்கை மாற்றி மாற்றிக் குத்துகிற சத்தத்திலிருந்து அந்தத் தாளம் வந்தது என்றேன். ஒரு வாரப் பத்திரிகைக்காரரிடம், மானாமதுரைப் பக்கம் ரயில் பாலத்தில் ஏறுகிற சத்தம் என்றேன். சில வருஷங்களாக மழை. அப்போது நாங்கள் குடியிருந்த நெற்குப்பை வீட்டில் ஓட்டு நுனியிலிருந்து பித்தளை அண்டாவில் சொட்டுகிற மழை. எதையும் பொய் என்று நினைத்துச் சொன்னதில்லை. சொல்லும்போது எனக்குக் கண்ணில் தெரிகிறது. அண்டாவின் விளிம்பில் இருக்கிற நசுங்கல்கூடத் தெரிகிறது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரு பாட்டு வந்துகொண்டிருக்கும்போது அது எங்கிருந்து வருகிறது என்று எவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்? பேர் வந்த பிறகு ஆள் வந்து கேட்கிறான். அப்போது திரும்பிப் பார்த்து, கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுக்கிறோம். அடுத்த தடவை கேட்டால் நினைவில் இருப்பது அன்று கொடுத்ததுதான், நடந்தது அல்ல. என் தொழிலில் இருக்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால், போன மாதம் வானொலிக்காரர்கள் வந்து என்னையும் பெத்தனையும் உட்கார வைத்து ஒலிப்பதிவு செய்தபோது எனக்கு ஒரு பதற்றமும் இல்லை. பெத்தன் என் டோலக்குக்காரன். சின்ன வயதிலிருந்து கூடவே வாசிப்பவன். நான் மழையைச் சொல்லி முடித்தேன். பேட்டி எடுத்த தம்பி பெத்தன் பக்கம் திரும்பி, உங்களுக்கு ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

"அண்ணன் சொல்லுற மழை எனக்கு ஞாபகமில்ல தம்பி. அன்னைக்கு மத்தியானம் நான் நெற்குப்பை வீட்டுக்குப் போனேன். தலவாசக் கதவு தாப்பாப் போட்டிருந்துச்சு. உள்ள அண்ணன் பெட்டி வாசிக்கிறாக. எங்கனயோ உள்ளுக்குள்ள இருந்து கல்யாணசுந்தரி மதினி பலகையில தாளம் போடுறாக. மூணு, ஒரு நிப்பு, பெறகு ரெண்டு. அந்த மூணாவது தட்டு இருக்கே, அது அவுக போட்டதுதேன். எனக்கெல்லாம் அந்தக் கை வராது. வாசல்ல நின்னே மனசுல ஏத்திக்கிட்டுத் திரும்பிட்டேன். மறுநா விடிஞ்சா சேதி வருது, மதினி போயிட்டாகன்னு."

அந்தத் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. பெத்தனின் கையைப் பிடித்துக்கொண்டார். பெத்தன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். செத்துப்போன மதினிக்கு, அதாவது என் மனைவிக்கு, ஒரு பேர் கிடைக்கட்டும் என்று பத்து வருஷம் மனதில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டான். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த இடத்தில் வேறென்ன செய்ய முடியும்?

ஒலிபரப்பானதை என் மச்சினன் பொன்னழகு அவன் வீட்டில் கேட்டிருக்கிறான். கல்யாணசுந்தரியின் தம்பி. தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். எதையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவான். மறுநாளே வந்து உட்கார்ந்தான்.

"அத்தான், அக்கா அன்னைக்குக் காலையிலருந்தே எந்திரிக்க முடியாமக் கட்டில்ல கெடந்துச்சுன்னு சொன்னீகளே."

"ஆமா."

"கட்டில்ல கெடந்தவ எப்புடித் தாளம் போட்டா?"

"பெத்தன் சொல்லுறதப் போயி கேக்குறியே. பத்து வருசமாச்சு. எந்த நாள்ல எது நடந்துச்சுன்னு அவனுக்கென்ன தெரியும்?"

"மறுநாள் சேதி வந்துச்சுன்னு சொல்றாரே அத்தான். அந்த நாளு யாருக்கு மறக்கும்?"

அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனான். பிறகு உங்களிடம் மனுக் கொடுத்தான். நீங்கள் என்னைக் கூப்பிட்டபோது உங்களிடமும் மழை என்றுதான் சொன்னேன். பங்குனியில் நெற்குப்பையில் மழை ஏது என்று சிரித்தீர்கள். நியாயமான கேள்வி.

இன்றைக்குச் சொல்வது மட்டும் மாறாதா என்று நீங்கள் நினைக்கலாம். மாறாது, ஐயா. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எடுத்துப் புழங்காத பாத்திரம் தேயாது அல்லவா? அப்படியே இருக்கிறது.

அந்த வீடு எங்களுடையது இல்லை. வீட்டுக்காரர்கள் பினாங்கில் இருந்தார்கள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று எங்களைக் குடிவைத்தார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் நாங்கள் இரண்டே பேர். குழந்தை இல்லை. நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள். ஒவ்வோர் அறைக்கும் உள்ளே இன்னோர் அறை. நகை, பாத்திரம் வைப்பதற்காகக் கட்டியது. அதற்கு ஜன்னல் கிடையாது. கனமான பர்மாத் தேக்குக் கதவு. சாத்திவிட்டால் உள்ளே பேசுவது மெல்லத்தான் கேட்கும். தட்டினால் நன்றாகக் கேட்கும்.

கல்யாணசுந்தரி நல்ல பெண். என் பாட்டு எதையும் ஒரு குறை சொன்னதில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு. அவள் மூச்சு விடுவது முற்றத்தின் அந்தப் பக்கம் வரை கேட்கும். நான் பெட்டியில் சுதி பிடித்திருக்கும்போது கூடவே சேராத இன்னொரு சுதி ஓடிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். இதை அவளிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். மெட்டுப் போடுகிற நேரத்தில் உள்ளறையில் இருந்துகொள் என்றேன். சிரித்துக்கொண்டேதான் போனாள். "உங்க பாட்டு வரட்டும். நான் உள்ள உக்காந்து புளி ஆஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்பாள்.

நடுவில் தண்ணீர் குடிக்க வெளியே வருவாள். அப்படி வந்தால் மெட்டு போனது போனதுதான். அதனால் வெளியே தாழ்ப்பாள் போட ஆரம்பித்தேன். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். தட்டினால் திறப்பேன். கொஞ்சம் கழித்துத் திறப்பேன். இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. அவள் தம்பி வந்தபோதெல்லாம் அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பாள்.

அறுபத்துநான்காம் வருஷம் பங்குனியில் வலையபட்டித் திருவிழாவுக்குப் புது நாடகம். ராணியின் பாட்டு மட்டும் வரவில்லை. அடைபட்டுக் கிடக்கிற ஒரு பெண் எந்தத் தாளத்தில் அழுவாள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. பெத்தன் வாசித்துக் காட்டியதெல்லாம் கல்யாணக் கச்சேரி மாதிரி இருந்தது. அப்போது ஒரு நாள், உள்ளறையில் இருந்தவளுக்கு மூச்சு முட்டி வேறு மாதிரி தட்டினாள். நான் தேடிக்கொண்டிருந்தது அதில் இருந்தது. ஆனால் அவசரப்பட்டு உடனே திறந்துவிட்டேன். திறந்ததும் கையிலிருந்து நழுவிவிட்டது. அன்று முழுக்க உட்கார்ந்து பார்த்தேன், திரும்பி வரவில்லை. அவளையே தட்டிக்காட்டச் சொன்னேன். தட்டினாள். அது வெறும் தட்டாக இருந்தது.

ஒக்கூரில் எங்கள் காட்டில் அந்த வருஷம் மிளகாய் நல்ல விளைச்சல். வற்றல் மூட்டைகள் முன்கட்டில் கிடந்தன. அவற்றை உள்ளறைக்கு மாற்றினேன். வேறு அறைகளும் இருந்தனவே என்பீர்கள். இருந்தன. உள்ளறையில்தான் எலி வராது.

மறுநாள் அவள் உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே நின்றாள். "நெடி தாங்கலங்க. இன்னைக்கு மட்டும் அங்குட்டுக் கொல்லப்பக்கம் இருந்துக்கிறேனே" என்றாள். கொஞ்ச நேரந்தான் என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள்.

முதலில் ஒழுங்கில்லாமல்தான் தட்டினாள். நான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். போகப் போக மூன்று தட்டிவிட்டு நிறுத்த வேண்டிவந்தது. மூச்சு வாங்க வேண்டுமே. பிறகு இரண்டு. கை ஓய்ந்துகொண்டு வந்ததால் மூன்றாவதற்கு உயர நேரம் பிடித்தது. என் விரல்கள் தாமாகவே அதைப் பிடித்துக்கொண்டன. பல்லவி வந்தது. வார்த்தைகளும் அதன்மேல் வந்து உட்கார்ந்தன. என் ஆயுளில் அதுபோல ஒரு மத்தியானம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

பெத்தன் வாசலில் வந்து "அண்ணே" என்று கூப்பிட்டது அப்போதுதான். வாசிப்பதைக் கேட்டுவிட்டு, தொந்தரவு வேண்டாமென்று போய்விட்டான்.

பிறகு அவள் கதவுக்குக் கீழே வாயை வைத்துப் பேசினாள். "என்னங்க, தெறக்க வேணாம். மாத்திரய மட்டும் அடியில தள்ளிவிடுங்க." மாத்திரை டப்பா என் பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. காலையில் அவள் தலைமாட்டிலிருந்து நான்தான் எடுத்து வைத்திருந்தேன். கொடுத்திருக்கலாம். கொடுத்தால் தட்டு நின்றுபோகும். முதல் சரணம் பாதியில் இருந்தது.

தட்டு நின்ற பிறகு மிச்சத்தை நினைவிலிருந்து முடித்தேன். திரும்ப ஒரு தடவை முழுதாக வாசித்துப் பார்த்துக்கொண்டேன். அதன்பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தேன். கட்டிலில் கொண்டுவந்து கிடத்தி முகத்தைத் துடைத்தேன். விரல் இடுக்கில் மிளகாய்த் தூள் இருந்தது, அதையும் கழுவினேன். விடிந்த பிறகு சொல்லி அனுப்பினேன். வந்த மருத்துவர் இழுப்பு என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவள் இறந்தது இழுப்பால்தான்.

தெரிந்தே செய்தீர்களா என்று கேட்கிறீர்கள். தெரிந்தேதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கூப்பிடாமலேயே நானாக ஏன் இன்று வந்தேன் என்பதும் உங்களுக்கு விளங்கவில்லை. பொன்னழகின் மனு நிற்காது என்று எனக்கும் தெரியும். உடம்பை எரித்துச் சாம்பலும் கரைத்தாகிவிட்டது. இருக்கிற ஒரே சாட்சி வாசலில் நின்று கேட்ட டோலக்குக்காரன். நான் மழை என்றே சொல்லிக்கொண்டிருந்தால் நீங்களும் ஒரு நாள் அலுத்துப்போய் விட்டுவிட்டிருப்பீர்கள்.

ஆனால் போன வாரம் நாடகக்காரர் சங்கத்தில் எனக்குப் பாராட்டு விழா என்று நோட்டீஸ் அடித்தார்கள். இதோ, சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், பாருங்கள். 'இசை உடையப்பன், தாளம் அமரர் கல்யாணசுந்தரி' என்று போட்டிருக்கிறது. இசைத்தட்டிலும் இனி அப்படித்தான் அச்சடிக்கப்போகிறார்களாம். போகிற இடமெல்லாம் அவள் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்கிறார்கள். அந்த மூன்றாவது தட்டு அவளுடையது என்று ஒரு சின்னப் பையன்கூட என்னிடமே வந்து சொல்கிறான்.

அவளுக்குத் தாளமே தெரியாது, ஐயா. அவள் கதவைத்தான் தட்டினாள். அதைத் தாளமாக்கியது நான். இந்த வாக்குமூலத்தில் வேறு எதை விட்டாலும், அதை மட்டும் தெளிவாக எழுதிவிடுங்கள்.